அவள் கேட்டது

கோயிலுக்குப் போக வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. கடலில் போட்டில் போக வேண்டும் என்றாள்.

நான் அவனியாபுரத்தில் டிங்கர் வேலை செய்கிறவன். அடிபட்ட கார் கதவு, வேன் கதவு எல்லாவற்றையும் தட்டி நிமிர்த்துவது. முப்பத்தைந்து வருஷமாக அதே வேலை. படிப்பு ஐந்தாவதோடு நின்றது. எழுதிப் பழக்கம் இல்லை. வாயால் சொன்னால் பாதியில் நின்றுவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரிக்கு வயிற்றில் கட்டி. டாக்டர் என்னையும் மகளையும் மட்டும் உள்ளே கூப்பிட்டுச் சொன்னார். ஆபரேஷன் செய்கிற கட்டம் தாண்டிவிட்டது என்றார். எத்தனை நாள் என்று மகள் கேட்டாள். அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டு, ஆறு மாசம் இருந்தால் அதிகம் என்றார்.

வெளியே பெஞ்சில் என் வீட்டுக்காரி பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். அல்சர் என்றேன். மகள் எனக்குப் பின்னால் குனிந்து செருப்பு வாரைச் சரி செய்துகொண்டிருந்தாள். காரத்தைக் குறைக்கச் சொன்னார்களா என்று பெஞ்சில் இருந்தவள் கேட்டாள். ஆமாம் என்றேன். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை.

அதிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் அல்சர்தான். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் மணத்தக்காளிக் கீரை கொண்டுவந்தார்கள். கீரை வாடி வாடி மாட்டுக்குப் போனது.

மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். ஒரே பிள்ளை. மாப்பிள்ளை வெளிநாட்டில். கைக்குழந்தையோடு தனியாக இருக்கிறாள். அம்மாவைப் பார்க்க மாசம் இரண்டு தடவை வந்துபோவாள். அப்படி வந்திருந்தபோது செல்போனில் ஒரு வீடியோ காட்டினாள். பாம்பன் பக்கம் ஸ்பீட் போட்டில் தீவுகளைச் சுற்றிக் காட்டுகிறார்கள். தண்ணீர் பச்சையாக இருந்தது. போட் மூக்கைத் தூக்கிக்கொண்டு போனது. என் வீட்டுக்காரி அதை மூன்று தடவை பார்த்தாள்.

"இதுல ஒரு தடவை போகணும்" என்றாள்.

கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் எங்காவது கூட்டிப் போங்கள் என்று அவள் கேட்டதில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை குழந்தையை ஊரிலிருந்து வந்த மகளின் மாமியாரிடம் விட்டுவிட்டு, மூன்று பேரும் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் காலை பஸ் ஏறினோம். ஜன்னல் ஓரம் அவளுக்கு. பரமக்குடி வரைக்கும் தூங்கினாள். பாம்பன் பாலத்தில் பஸ் ஏறியபோது மகள் அவளை எழுப்பினாள். கீழே கடலைப் பார்த்துவிட்டு, "எம்புட்டுத் தண்ணி" என்றாள்.

போட் நிற்கிற இடத்தில் ஆரஞ்சு நிறத்தில் மிதவைச் சட்டை கொடுத்தார்கள். எனக்கு வயிற்றில் வார் எட்டவில்லை. இழுத்துக் கட்டினேன்.

"கேஸ் சிலிண்டர் மாதிரியே இருக்கீங்க" என்றாள். மகள் சிரித்தாள். நானும் சிரித்தேன். வீட்டில் சிரித்து நாளாகியிருந்தது.

சுற்றிக் காட்டுகிறவருக்கு முப்பத்தைந்து வயசு இருக்கும். உள்ளூர்க்காரர். அவரே சொல்லவும் செய்வார், ஓட்டவும் செய்வார். ஏறுவதற்கு முன்னால் எல்லோரையும் நிற்க வைத்துக் கேட்டார். மாசமாக இருப்பவர்கள், நெஞ்சுவலிக்காரர்கள், புதுசாக ஆபரேஷன் செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா, போட் தூக்கிப் போடும் என்றார்.

"எனக்கு அல்சர்தான் தம்பி. அதுக்கு ஏறலாம்ல?" என்றாள்.

"அல்சருக்கு ஒண்ணும் செய்யாதும்மா. காலையில சாப்பிட்டீங்கள்ல?"

சாப்பிட்டேன் என்றாள். இரண்டு வாய் கஞ்சி. மகள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கட்டின வாரை மறுபடியும் கட்டினேன்.

எங்களோடு வேறு ஒரு குடும்பம் நாலு பேர் ஏறினார்கள். போட் ஒரு பக்கம் சாய்ந்தது. கனத்தைப் பார்த்து அவர்தான் எங்களை இடம் மாற்றி உட்கார வைத்தார். என்னை வலது ஓரத்துக்குத் தள்ளினார். அவள் எனக்கு இடது பக்கம் வந்துவிட்டாள். மகள் முன் வரிசையில்.

இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எனக்கு இடது காது கேட்காது. தகரத்தைத் தட்டித் தட்டிப் போய்விட்டது. அது போனதிலிருந்து அவள் எனக்கு வலது பக்கம்தான் உட்காருவாள். பஸ்ஸில், கல்யாணப் பந்தியில், படுக்கும்போதும் அப்படித்தான். யாராவது நடுவில் வந்து உட்கார்ந்தால், கொஞ்சம் தள்ளிக்கங்க என்று எழுப்பிவிட்டு வருவாள். அன்றைக்கு அவர் உட்கார வைத்த இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். நானும் மாற்றச் சொல்லவில்லை. ஒரு மணி நேரம்தானே என்று இருந்துவிட்டேன்.

முதலில் மெதுவாகத்தான் போனது. பழைய பாலம், புதுப் பாலம் இரண்டையும் கீழே இருந்து காட்டினார். ஒரு தீவுக்குப் பக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு, தண்ணீருக்குள் பவளப்பாறை தெரிகிறது பாருங்கள் என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் எட்டிப் பார்த்து, காலிஃபிளவர் மாதிரி இருக்கிறது என்றாள். கரையில் தாழம்புதர். வெள்ளை மணல். மனுஷர் யாரும் இல்லை. இந்தப் பக்கம் கடலில் ஆவுளியா என்று ஒரு பிராணி உண்டு, கடல் பசு என்பார்கள், குட்டி போட்டுப் பால் கொடுக்கும் என்று அவர் சொன்னார்.

"கறக்க விடுமா தம்பி?"

"அதுக்கு நீங்க தண்ணிக்குள்ளதாம்மா உட்காரணும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

அங்கிருந்து அடுத்த தீவுக்குத் திரும்பும் இடத்தில் திறந்த கடல். அவர் அங்கே முறுக்கினார். எஞ்சின் அலறியது. போட் அலை மேல் ஏறி டமால் டமால் என்று விழுந்தது. முன்னால் இருந்தவர்கள் கத்தினார்கள். அந்தச் சத்தத்தில் அவள் என் தோளைப் பிடித்து இழுத்து, இடது காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து ஏதோ சொன்னாள். சின்ன வார்த்தை இல்லை. நெடுநேரம் சொன்னாள். மூச்சுக் காற்று காதில் பட்டது. பேச்சு விழவில்லை.

நான் தலையை ஆட்டினேன். "சரி" என்றேன்.

பட்டறையில் எல்லோரும் இப்படித்தான். கம்ப்ரஸர் ஓடும், கிரைண்டர் ஓடும், நாலு பக்கமும் சுத்தியல். யார் எதைச் சொன்னாலும் தலையாட்டிச் சரி என்போம். சத்தம் நின்ற பிறகு போய், என்னண்ணே சொன்னீங்க என்று கேட்போம். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதே பழக்கத்தில்தான் சொன்னேன். எஞ்சின் நின்றதும் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

எஞ்சின் நின்றது. அவளைத் திரும்பிப் பார்த்தேன். முகமெல்லாம் உப்புத் தண்ணீர். கண் சிவந்திருந்தது. ஆனால் முகம் தெளிந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து அந்த முகத்தை நான் பார்க்கவில்லை. என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மகளுக்கு முன்னால் அவள் அப்படிச் செய்கிறவள் இல்லை.

"சரின்னுட்டீங்கல்ல. அது போதும்" என்றாள்.

எனக்குக் கேட்கவில்லை என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ம் என்றேன்.

கரைக்கு வந்து ஒரு கடையில் சாப்பிட்டோம். அவள் வறுத்த மீன் ஒன்றும், சோறு ஒரு கைப்பிடியும் சாப்பிட்டாள். மூன்று வாரமாகக் கஞ்சிதான் இறங்கிக்கொண்டிருந்தது. முள்ளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொன்னாள். மகள் என்னைப் பார்த்தாள். இந்த நேரத்தில் போய், நீ சொன்னது என்ன என்று எப்படிக் கேட்பது? நாளைக்குக் கேட்போம் என்று விட்டேன்.

மறுநாள் கேட்டிருக்கலாம். யோசித்தால் ஒன்று தெரிந்தது. அவளுக்குத் தன் நோய் தெரியும். தெரியாதவள் அப்படிச் சொல்ல மாட்டாள், அப்படிக் கையைப் பிடிக்க மாட்டாள். திரும்பச் சொல் என்றால், இந்த வீட்டில், சத்தம் இல்லாத இடத்தில், என் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அப்புறம் அல்சர் என்று நானும் சொல்ல முடியாது, அவளும் சொல்ல முடியாது. எனக்கு அந்தத் தைரியம் இல்லை. தகரம் என்றால் எங்கே தட்டினால் நிமிரும் என்று தெரியும்.

கடைசியில் படுக்கையிலேயே இருந்தாள். ஒருநாள் நான் தண்ணீர் கொடுத்தபோது கேட்டாள்.

"போட்ல சொன்னது ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு."

"மறந்துராதீங்க."

"இல்ல" என்றேன்.

அதற்குப் பிறகு பேச்சு குறைந்துவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், மகள் அடுப்பில் பால் வைத்திருந்த நேரத்தில், போய்விட்டாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பினார்கள். மகள் மட்டும் இருந்தாள். அவள்தான் பேச்சை எடுத்தாள். இனி நீங்கள் இங்கே தனியாக இருந்து என்ன செய்யப்போகிறீர்கள், வீட்டைக் கொடுத்துவிட்டுத் திருப்பூருக்கு வந்துவிடுங்கள், குழந்தைக்கும் ஒரு துணை என்றாள். பார்ப்போம் என்றேன்.

ஏனென்றால் போங்கள், போகாதீர்கள் இரண்டையுமே அன்று போட்டில் அவள் அம்மா சொல்லியிருக்கக் கூடியவள். மகள் வீட்டில் போய் உட்கார்ந்து சாப்பிட்டால் மரியாதை போய்விடும், கஞ்சியோ தண்ணியோ நம் வீட்டில்தான் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். இந்த வீட்டுக்கு அவளும் செங்கல் சுமந்தாள். கொடுக்காதீர்கள் என்று சொல்லியிருப்பாள். பிள்ளை அங்கே தனியாகக் கிடக்கிறாள், அவளுக்கு யார் இருக்கிறார்கள் என்று ராத்திரி முழுக்கப் புலம்பியதும் அவள்தான். அவளோடு போய் இருங்கள் என்று சொல்லியிருப்பாள். இரண்டில் ஒன்றுக்கு நான் சரி என்று சொல்லியிருக்கிறேன்.

அவள் திட்டிக்கொண்டே இருந்த பீடியை விட்டேன். ஒருவேளை அதுவாக இருக்கலாம் என்று. காளவாசலில் இருக்கும் அவள் தம்பியோடு எட்டு வருஷமாகப் பேச்சு இல்லை. போய் வாசலில் நின்றேன். உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்தான். அவனிடம் ஏதாவது சொன்னாளா என்று கேட்டேன். அவன் அழுதான். அவனுக்கும் ஒன்றும் தெரியவில்லை.

மூன்றாம் மாசம் பாம்பன் போனேன். தனியாக. அந்த ஆளைத் தேடினேன். போட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைத் தெரியவில்லை. அல்சர் என்று ஒரு அம்மா வந்தார்களே, பால் கறக்க விடுமா என்று கேட்டார்களே என்றேன். கையில் இருந்த பிரஷை வைத்துவிட்டு எழுந்தார்.

"அம்மா நல்லாருக்காங்களாண்ணே?"

இல்லை என்றேன். அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். திரும்பும் இடத்தில் அவள் என்னிடம் பேசியது உங்கள் காதில் விழுந்ததா என்று கேட்டேன். எஞ்சின் பக்கத்தில் நிற்கிறவனுக்கு எதுவும் விழாது என்றார். எனக்கும் அது தெரியும். ஆனாலும் கேட்டேன்.

"ஆனா ஒண்ணு ஞாபகம் இருக்குண்ணே. ஏறுறதுக்கு முன்னாடி தனியா வந்து என்கிட்ட கேட்டாங்க. எந்த எடத்துல போட் ரொம்பச் சத்தம் போடும்னு. பயப்படுறாங்கன்னு நெனச்சு, மெதுவா ஓட்டுறேம்மான்னேன். இல்ல தம்பி, அந்த எடத்துல நல்லா முறுக்குன்னாங்க."

சத்தத்தை அவளே கேட்டு வாங்கியிருக்கிறாள். மகள் காதில் விழக்கூடாது என்று. அமைதியான இடத்தில் சொன்னால் உடைந்துவிடுவோம் என்றும் இருக்கலாம். என் இடது பக்கம் இருக்கிறோம் என்பதை மட்டும் அந்த நேரத்தில் மறந்துவிட்டாள். காது போனதிலிருந்து அந்த ஒரு தடவைதான் மறந்தாள்.

ஒரு சுற்று வாங்க அண்ணே என்று அவர் கூப்பிட்டார். வேண்டாம் என்றேன். பாலத்துப் பக்கம் நடந்துவந்து மகளுக்குப் போன் போட்டேன். அதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை.

"உங்கம்மா அன்னைக்குப் போட்ல என்கிட்ட ஒண்ணு கேட்டா. எனக்குக் கேக்கல. சரின்னுட்டேன்."

பின்னால் குழந்தை ஏதோ தட்டிக்கொண்டிருந்த சத்தமும் நின்றது. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். இருந்தது.

"அப்பா, எங்கிட்டயும் அம்மா சொன்னுச்சு. எல்லாத்தையும் உங்கப்பாகிட்ட சொல்லிட்டேன், அவரு சரின்னுட்டாரு, நீ கவலப்படாதன்னு. என்னன்னு நான் கேக்கலப்பா. உங்களுக்குத் தெரியும்னு இருந்துட்டேன்."

அதன் பிறகு அவள் அழுதாள். நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழாதே என்று சொல்லவில்லை.

வீட்டை விற்கவில்லை. பூட்டிப் போடவும் இல்லை. மாசத்தில் பதினைந்து நாள் திருப்பூர், பதினைந்து நாள் அவனியாபுரம். இது என்ன கணக்கு என்று பட்டறையில் கேட்கிறார்கள். மகள் கேட்பதில்லை. போட்டில் அவள் அம்மா கேட்டது எதுவோ, மாசத்தில் பாதி நாள் அதைச் செய்கிறேன். மீதிப் பாதி நாள் அவளுக்குக் கொடுத்த வாக்கை மீறுகிறேன். எந்தப் பாதி எது என்றுதான் தெரியவில்லை.