நாற்பது பக்கத்துக்குப் பத்து நிமிஷம்

பிள்ளைகளா, உங்கள் அப்பா எட்டாம் வகுப்போடு நின்றவன். அவன் புலவர்கள் கூடிய சபையில் ஆராய்ச்சிக் கட்டுரை வாசித்தான் என்று அம்மா சொல்லும்போதெல்லாம் உங்களுக்குச் சிரிப்பு வருகிறது. அதனால் நடந்ததை நானே எழுதிவைக்கிறேன்.

யுத்தம் முடிந்து ஒன்றிரண்டு வருஷம் இருக்கும். நான் அப்போது தூத்துக்குடித் துறைமுகத்தில் தோணிகளுக்குச் சரக்குச் சீட்டு எழுதும் குமாஸ்தா. வேலைக்குப் போகும் முன் காலையில் கடற்கரைக்கு மீன் வாங்கப் போவேன். வள்ளங்கள் கரைசேரும் நேரம் அது. அங்கே ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. யார் என்ன கேட்டார், அதற்கு என்ன பதில் வந்தது, அடுத்து யார் வாய் திறந்தார் என்று ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். "மீன் வாங்கப் போன மனுசன் பேச்ச வாங்கிட்டு வாராரு. இதக் கொழம்பு வைக்க முடியுமா?" என்பாள் உங்கள் அம்மா. பல நாள் வெறும் ரசம்தான்.

நான் கண்டது இதுதான். வள்ளம் நிறையச் சாளை மீனோடு வருகிறவனிடம் "மீன்பாடு எப்படி?" என்று கேட்டால், "ஏதோ கொழம்புக்குக் கெடக்கு" என்பான். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. நிறைவை நிறைவென்று சொன்னால் கண் பட்டுவிடும், கடலும் அடுத்த நாள் கையை மூடிக்கொள்ளும் என்று பயம். வெறும் வலையோடு வருகிறவனோ காற்று மாறியது, நீரோட்டம் இழுத்தது, பக்கத்து வள்ளத்துக்காரன் குறுக்கே வந்தான் என்று அரைமணி நேரம் பேசுவான். ஆக, பதில் நீண்டால் வலை காலி. கரையில் நிற்கிற பெண்கள் வள்ளத்தை எட்டிப்பார்ப்பதே இல்லை. பதிலின் நீளத்தை வைத்தே கூடையை எடுப்பார்கள், அல்லது வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள்.

இரண்டு வருஷம் எழுதியது நாற்பது பக்கம் வந்தது. ஊரில் தமிழ் மாநாடு கூடப்போகிறது, மக்கள் பேச்சைப் பற்றியும் கட்டுரை வாசிக்கலாம் என்று நோட்டீஸ் வந்தபோது, ஒரு கார்டு எழுதிப்போட்டேன். வரச்சொல்லிப் பதிலும் வந்தது. படித்தவர்கள் நாலு பேர் இதைக் கேட்டு, இது ஆராய்ச்சிதான், அல்லது வெறும் வம்புதான் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அதைத் தெரிந்துகொள்ளாமல் இனி ஒரு பக்கமும் எழுதமுடியாது போலிருந்தது.

மாநாடு ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. எங்கள் அமர்வுக்குத் தலைவர் ஏரல் பக்கத்து ஆற்றங்கரைக் கிராமத்துக்காரர், தமிழாசிரியர். காலையில் வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்து, ஒவ்வொருவருக்கும் எவ்வளவு நேரம் வேண்டும் என்று விசாரித்துக் குறித்துக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் நின்றவர் தம் கட்டுரை மிக விரிவானது, மிக ஆழமானது என்றார். அவருக்கு முக்கால் மணி எழுதினார். பிறகு என்னைப் பார்த்து, "உம்முடையது எவ்வளவு இருக்கும்?" என்றார்.

"ஏதோ கொஞ்சம் இருக்கு ஐயா" என்றேன்.

சரி என்று எழுதிக்கொண்டார். நானும் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன். என் முறை வந்தது. மேடையேறி, காகிதக் கட்டைப் பிரித்து வைத்த பிறகுதான் தலைவர், இவருக்குப் பத்து நிமிஷம் என்று சபைக்கு அறிவித்தார்.

இரண்டு வருஷத்தைப் பத்து நிமிஷத்தில் எப்படிச் சொல்வது? முதல் பக்கத்தை வாசித்தேன். இரண்டாம் பக்கத்தை எடுக்கும்போதுதான் நான் செய்த காரியம் எனக்கு உறைத்தது. என் அப்பா தருவைகுளத்தில் வள்ளம் ஓட்டியவர். நான் மேஜைமேல் மை தொட்டு எழுதினாலும் வாய் என்னவோ அவருடைய வாய்தான். காகிதத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

"சபையோர் மன்னிக்கணும். இது நாற்பது பக்கம். காலைல தலைவர் ஐயா எவ்வளவுன்னு கேட்டதுக்குக் கொஞ்சம்னு சொல்லிட்டேன். எங்க கரையில நிறைய இருந்தா அப்படித்தான் சொல்லுவோம். ஏன்னு சொல்லுததுதான் இந்தக் கட்டுரை."

பின்வரிசையில் ஒருவர் சிரித்தார், அப்புறம் மண்டபமே சிரித்தது. முக்கால் மணி வாசித்தவர் மட்டும் சிரிக்கவில்லை. தலைவர் தம் காகிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அடுத்தவர்களுக்குக் கொடுத்த நேரத்தைப் பிடுங்க முடியாது என்றார். பத்து நிமிஷம் பத்து நிமிஷம்தான். மீதி நேரத்தில் வள்ளக்காரர்கள் பேச்சை அப்படியே, ஓர் எழுத்தும் திருத்தாமல், சொல்லிக் காட்டினேன். மணி அடித்ததும் இறங்கிவிட்டேன். ஆராய்ச்சி என்றோ வம்பு என்றோ யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுப் பந்தியில் தலைவர் வந்து என் பக்கத்து இலையில் உட்கார்ந்தார்.

"ஓய், மிச்சத்த வாசியும்" என்றார்.

வாசித்தேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். எதிர்வரிசையில் நாலைந்து பேர் காது கொடுத்தார்கள். என் இலையில் சோறு ஆறிப்போனது, பாயசம் ஊற்ற வந்தவர் வாளியோடு நின்றுவிட்டார். முப்பத்திரண்டாம் பக்கத்தில், உழைக்கிற சனம் எங்கும் இப்படித்தான் பேசும் என்று எழுதியிருந்தேன். அங்கே அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"இது தப்பு. எங்க நெல்லுக் களத்துல யாராவது எவ்வளவு தேறும்னு கேட்டா பேச்ச மாத்துவோம். கொறச்சு மட்டும் சொல்லமாட்டோம். கொறச்சுச் சொன்னா கொறஞ்சு போயிரும்வே. அதனாலதான நீர் கொஞ்சம்னதும் நான் நம்பிட்டேன்."

நான் மறுத்தேன். அவர் விடவில்லை. இலை எடுத்து, பந்தி கலைந்து, கை கழுவின இடத்திலும் நின்று வாதாடினோம். கரையை ரெண்டு வருஷம் பார்த்தீரே, களத்தை ஒரு நாளாவது பார்த்தீரா என்று கேட்டார். அவரிடமே பென்சில் வாங்கி அந்த வரியை அடித்தேன். அதற்கு முந்தைய முப்பத்தொரு பக்கத்துக்கும் அவர் ஆட்சேபம் சொல்லவில்லை என்பது வீட்டுக்கு நடந்துவரும் வழியில்தான் மனதில் பட்டது. வழியெல்லாம் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

பிசான நெல் அறுப்பு வந்ததும் இரண்டு நாள் லீவு எழுதிக்கொடுத்துவிட்டு, புது நோட்டோடு ஏரலுக்குப் பஸ் ஏறினேன்.