இன்னிக்கு யாரும் திட்டலைங்க

ஊரே கொண்டாடுற எங்க கவுன்சிலர் அண்ணன் போன வாரம் ஆளுங்கட்சியை விட்டுப் போயிட்டாருங்க. நான் போகல.

இன்னிக்குக் காலையில பரமத்தி வேலூர்ல நாமக்கல் பஸ் ஏறுனேன். வழக்கம்போல கட்சிக் கரை வேட்டி.

கூட்டம் நின்னுக்கிட்டு வருது. என் பக்கத்து சீட் மட்டும் காலி.

எங்க தெரு சரசக்கா வெத்தலைக் கூடையோட ஏறுனாங்க. குழாய்ல தண்ணி வரலைன்னு என்னை எங்க பார்த்தாலும் புடிச்சுத் திட்டுறவங்க. நகர்ந்து இடம் விட்டேன்.

"பரவால்லீங்க"ன்னு கம்பியப் புடிச்சு நின்னுக்கிட்டாங்க.

நானே கேட்டேன். "ஏனுங்கக்கா, தண்ணி வருதுங்களா?"

"இல்லீங்க."

அவ்வளவுதான். இனி திட்டு ஆரம்பிக்கும்னு பரமத்தி தாண்டுற வரைக்கும் காத்திருந்தேன். வரல.

இறங்குறப்ப மட்டும் மெதுவாக் கேட்டாங்க.

"அவரே போயிட்டாரு. நீங்க இன்னும் அங்க என்னங்க சாமி பண்றீங்க?"

குரல்ல கோவமே இல்லீங்க. ஆஸ்பத்திரியில படுத்திருக்கறவங்கள விசாரிக்கிற மாதிரி இருந்துச்சு.

இதைப் படிக்கிற நம்ம வார்டுக்காரங்க யாராச்சும் கீழ வந்து நாலு வார்த்தை திட்டிட்டுப் போங்க. ரோடு, சாக்கடை, தெருவிளக்கு, எதுக்கு வேணும்னாலும் சரி.

கூப்பிட்டுத் திட்டுனாலும் சரிங்க. நம்பர் மாத்தல.