குன்றுத் தவளையும் என் கூச்சலும்

போன ஆண்டு மழைக்காலத்தில், ஹைதராபாத் கச்சிபௌலியில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடி வளாகத்தில் நடந்தது இது. பாறைக்குன்றுகளை வெடிவைத்துத் தகர்த்துத்தான் எங்கள் பகுதியே எழும்பியிருக்கிறது. எப்படியோ தப்பிய ஒரு சின்னக் குன்று எங்கள் மதில் சுவருக்குள் மாட்டிக்கொண்டது. அதன் உச்சியில் ஒரு பள்ளம். மழை பெய்தால் தண்ணீர் நிற்கும். அதை சிமென்ட் போட்டு மூடி, பெஞ்சு போட்டு, செல்ஃபி எடுக்கும் இடமாக்குவது என்று குடியிருப்போர் சங்கத்தில் முடிவாகிவிட்டது. மறுநாள் காலை வேலை ஆரம்பம்.

எதிர்த்தவர் ஒரே ஒருவர், எங்கள் கீழ்வீட்டு அக்கா. வங்கியில் வேலை. செகந்திராபாத்தில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பம். அந்தப் பள்ளத்தில் கட்டைவிரல் நகம் அளவுள்ள ஒரு தவளை இருக்கிறது, மற்ற குன்றுகள் போனபின் அது முட்டையிட இங்கே வேறு இடமில்லை என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதினார். “தவளை மெயின்டனன்ஸ் கட்டுகிறதா?” என்று கேட்டிருந்தார் சங்கத் தலைவர். அதோடு பேச்சு முடிந்தது.

அன்று மாலை தூறலில் அக்கா எங்கள் வாசலுக்கு வந்தார். வீடியோ எடுத்துக் காட்டினால் நம்புவார்கள். அவர் கணவருக்கு முட்டிவலி. குடை பிடிக்க ஆள் வேண்டும் என்றார். மனைவி பார்த்துக்கொண்டிருந்ததால் எனக்கு வீரம் வந்துவிட்டது.

“நக்கோ தம்பி, அங்க கால் வைக்காதீங்க, வழுக்கும்” என்று, ‘வேண்டாம்’ என்பதற்கு ஹைதராபாத் ‘நக்கோ’ போட்டு எச்சரித்தபடியே கூட்டிப்போனார். சீப்பின் பல்லை நகத்தால் வருடுவது போல ஒரு சத்தம், ஆனால் காது அடைக்கும் அளவுக்கு. எருமை சைஸில் எதையோ எதிர்பார்த்தேன். அக்கா டார்ச் அடித்துக் காட்டியது பழுப்பு நிறக் கூழாங்கல் போல இருந்தது. குனிந்தேன். கூழாங்கல் துள்ளி என் ரெயின்கோட் கைக்குள் போய்விட்டது.

சில்லென்று ஏதோ முழங்கை நோக்கி ஊர்ந்தது. பாம்பு என்று முடிவு செய்துவிட்டேன். துள்ளிக் குதிக்கும் பாம்பு உலகத்தில் உண்டா என்று யோசிக்க நேரமில்லை. குடை பறந்தது. நான் உட்கார்ந்தேன்; உட்கார்ந்தபடியே வழுக்கி, இரண்டு பாறைகளுக்கு நடுவே தொப்பை சிக்கி நின்றேன். தமிழ், தெலுங்கு, இந்தி மூன்றிலும் கத்தினேன்.

“கைக்கு இப்படிக் கத்துறீங்க? தவளை தம்பி அது.” அக்காவுக்கு ‘எதுக்கு’ என்பதும் ஹைதராபாத் பாணியில் ‘கைக்கு’தான்.

“உங்களுக்குத் தவளை அக்கா. உள்ள இருக்கிறது எனக்குத்தானே தெரியும்!”

செக்யூரிட்டி விசில் ஊதினார். ஏணியோடு பாதி வளாகமே மேலே ஏறி வந்தது. அரைக்கால் சட்டையில் ஓடிவந்த சங்கத் தலைவர்தான் என் அக்குளில் கை கொடுத்து இழுத்துப் பள்ளத்தின் ஓரம் உட்கார வைத்தார். ரெயின்கோட்டைக் கழற்றும்போது ‘பாம்பு’ வெளியே வந்து அவர் கட்டைவிரலில் அமர்ந்தது.

“இந்தேனா சார்?” என்றார். இவ்வளவுதானா என்று அர்த்தம்.

என் கூச்சலில் அடங்கியிருந்த தவளைகள், அது ஓய்ந்ததும் ஒவ்வொன்றாக ஆரம்பித்தன. பிறகு பள்ளம் முழுக்க. யாரும் சொல்லாமலே எல்லோரும் டார்ச்சை அணைத்தார்கள். ஏதோ சொல்ல வாயெடுத்த அப்பாவை ஒரு சிறுமி ‘உஷ்’ என்று அடக்கினாள். மழையில் நனைந்தபடி அத்தனை பேரும் நின்று கேட்டோம்.

தலைவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தவளையைத் தண்ணீர் ஓரம் இறக்கிவிட்டு, கான்ட்ராக்டருக்குப் போன் போட்டார். “ரேப்பு ராவத்து.” நாளைக்கு வரவேண்டாம் என்று சொல்கிறார் என்பது என் அரைகுறைத் தெலுங்குக்கே புரிந்தது. அக்கா கடைசிவரை வீடியோ எடுக்கவேயில்லை.

பெஞ்சு இப்போது குன்றின் அடியில் இருக்கிறது. சாலைக்கு எதிர்ப்பக்கக் குன்று இந்தக் கோடையில் போய்விட்டது. ஆனால் எங்கள் பள்ளத்தில் இந்த மழைக்கும் தலைப்பிரட்டைகள் நெளிகின்றன. வளாகத்தில் என்னைப் பாம்பு சார் என்றுதான் கூப்பிடுகிறார்கள், கூப்பிடட்டும். ஒன்றைக் காப்பாற்றத் தைரியசாலிதான் வேண்டும் என்று நினைத்திருந்தேன். பயந்தாங்கொள்ளி கத்தினாலும் நாலு பேர் ஓடிவருவார்கள், வந்தவர்கள் நின்று கேட்பார்கள் என்ற நம்பிக்கை அன்று முதல் எனக்கு இருக்கிறது.