மேலே கறுப்புத் தூள்

அரியமங்கலத்தில் என் லேத் பட்டறையும் அண்ணன் பட்டறையும் ஒரே தெரு. கூடப் பிறந்தவரல்ல, என்னைவிட மூத்தவர் என்பதால் அப்படிக் கூப்பிடுவேன். இருவருக்கும் பம்புக்கு வார்ப்பிரும்பு கடைவதுதான் பிழைப்பு. வளைகுடாவில் இருக்கும் என் தம்பி, தலைக்கு மேலே ஏவுகணை போகும்போது மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிக்கொண்டு போன் செய்த நாளில், அண்ணன் என் பக்கத்தில்தான் இருந்தார். பீரங்கிக் குண்டுக்கு மூடி கடைந்து தரச் சொல்லி ஆள் வந்துபோய்க்கொண்டிருந்த நேரம் அது. அந்த வேலையை இருவரும் தொடுவதில்லை என்று அன்றைக்கே பேசி முடித்தோம்.

"வாயால சொன்னா ஆச்சா பாய்? சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை ஒருத்தர் டிரம்மை ஒருத்தர் பாத்துக்குவோம்" என்றார்.

அவர் பேச்சே எனக்கு ருசி. டிரம் என்பது கடைசல் கழிவைக் கொட்டுவது. வார்ப்பிரும்பு கறுப்புத் தூளாக உதிரும். குண்டு மூடிக்கான அலுமினியம் வெள்ளிச் சுருளாக விழும். எட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். சோதனைக்கு வந்திருக்கிறேன், டீ சொல்லுங்கள் என்றபடிதான் உள்ளே நுழைவேன்.

போன மாதம் ஒரு மூட்டை தூள் கேட்டார். வாசல் பள்ளத்தில் கொட்டித் தண்ணீர் தெளித்தால் துருப்பிடித்து இறுகிவிடுமாம். நானே வண்டியில் வைத்துக் கொண்டுபோய் இறக்கினேன்.

போன சனிக்கிழமை டீக்கடைப் பேப்பரில், இரண்டு பெரிய நாடுகள் அணுகுண்டு எண்ணிக்கைக்கு வரம்பு வைத்திருந்த கடைசி ஒப்பந்தமும் காலாவதியானதைப் பற்றி எழுதியிருந்தார்கள். ஒருவர் இடத்தை ஒருவர் போய்ப் பார்ப்பது அதற்கு முன்பே நின்றுவிட்டதாம். அண்ணனிடம் இதைப் பேச வேண்டுமென்று போனேன். அவர் வாசலில் என் வண்டிச் சக்கரம் தடாலென்று இறங்கியது. பள்ளம் அப்படியே இருந்தது.

அப்படியானால் என் தூள் எங்கே?

டிரம்மில் மேலே கறுப்புதான். முதல் முறையாகக் கையை உள்ளே விட்டேன். ஒரு சாண் ஆழத்தில் விரலைக் கிழித்தது சுருள்.

அண்ணன் லேத்தை நிறுத்தவில்லை. "எட்டிப் பாக்கறதுன்னுதானே பாய் பேச்சு. கைய விடறதா எப்பப் பேசினோம்?"

பிறகு அவரும் அந்தப் பேப்பர் செய்தியைத்தான் இழுத்தார். அவ்வளவு பெரிய நாடுகளே விட்டுவிட்டபோது நாம் இரண்டு பேர் மட்டும் பிடித்துக்கொண்டு நின்று என்ன ஆகப்போகிறது என்றார்.

என் கையால் கொடுத்த தூளாலேயே என் கண்ணைக் கட்டியிருக்கிறார். இனி எந்த நாடு யாரோடு ஒப்பந்தம் எழுதினாலும், கையை உள்ளே விட்டுப் பார்க்கலாம் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளட்டும்.

சாயங்காலம் தம்பி போன் செய்தான். வழக்கம்போல, பட்டறை அண்ணனுக்குச் சலாம் சொல்லச் சொன்னான். சரி என்றேன். இன்னும் சொல்லவில்லை.