மச்சானின் பல்லும் முதல் நாள் ரத்தமும்

மச்சானின் முன்பல்லை நான் உடைத்தது ஆஸ்பத்திரி வார்டில், ஆக்ஸிஜன் முகமூடியோடு சேர்த்து. மச்சான் என் மனைவியின் அண்ணன். எங்கள் ஊர் புந்தோங்கில் பக்கத்துப் பக்கத்து வீடு, செம்பனைக் குலை ஏற்றும் ஒரே லோரியை ஆளுக்கொரு ஷிப்டு ஓட்டுகிறோம். காய்ச்சலும் எங்களைப் பிரிக்கவில்லை. இன்ஃபுளுவென்சா என்றார்கள். ஒவ்வோர் இருமலும் பூட்ஸ் காலால் விலாவில் உதைத்தது. கட்டிலும் பக்கத்துப் பக்கம்.

சேர்ந்த அன்றே ஆராய்ச்சிக்கு ரத்தம் கேட்டு ஒரு பெண் வந்தார். வைரஸ் நுரையீரலைத் தாக்கும்போது மைக்ரோஆர்என்ஏ என்ற பொடித் துண்டுகள் ரத்தத்தில் கூடும், குறையுமாம். அதைப் பார்த்து யாருக்கு மூச்சு மோசமாகும் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் ஆராய்ச்சி. முடிவைத் தனித்தனியாகச் சொல்ல மாட்டோம் என்றார்.

மச்சான் கையை நீட்டி, குழாய் நிறையும்வரை என்னைப் பார்த்துச் சிரித்தான்.

தைப்பூசத்துக்குக் கன்னத்தில் வேல் குத்தி நடக்கிறவன் நான். ஆனால் நான் சாகப்போவது எனக்கு முன்னால் என் ரத்தத்துக்குத் தெரியும் என்றால் அந்த ரத்தத்தைக் கொடுக்க மனம் வரவில்லை. ஊசி இறங்கியதும் கையை இழுத்தேன். ஊசி உள்ளேயே கிழித்தது. அந்தப் பெண் எப்படியோ நிரப்பிய குழாயை நான் பறித்து உலுக்கினேன். மச்சான் எழுந்து வந்து என் தோளைப் பிடித்தான். விட்டேன் ஒரு குத்து. முகமூடி பறந்தது, பல் தெறித்தது, சலைன் கம்பி சாய்ந்தது. வார்டு ஆட்கள் இரண்டு பேர் என் மேல் ஏறி உட்கார்ந்தார்கள். நர்ஸ் மிஸ்ஸி ஓடி வந்து முகமூடியை மாட்டுவதற்குள் மச்சானின் உதடு நீலம் பாய்ந்துவிட்டது.

சாயங்காலம் அவனுக்கு மூச்சுத் திணறல் முற்றியது. தொண்டையில் குழாய் போட்டு ஐசியூவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

என் மனைவி வந்தாள். கையில் குடை. முதல் அடியிலேயே கம்பி வளைந்தது, ஆனாலும் அவள் நிறுத்தவில்லை. "எங்கண்ணனுக்கு ஏதாவது ஆச்சு, உன்னை உயிரோட விடமாட்டேன்" என்றாள். நான் அடியை வாங்கிக்கொண்டேன். எனக்கும் அதே சந்தேகம்தான். குத்துதான் அவனைச் சாய்த்ததா? நுரையீரல் ஏற்கெனவே கெட்டிருந்தது என்று டாக்டர் சொன்னார். அழுகிறவனுக்கு யாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

மறுநாள் அந்தப் பெண் தூரமாகவே நின்று, என் ரத்தம் வீணாகிவிட்டது என்றார். சுழற்றித் தெளிய வைத்தால் இளமஞ்சளாக நிற்க வேண்டியது, கல்யாண வீட்டு ரோஜா சிராப் தண்ணி போலச் சிவப்பாக வந்திருக்கிறது. உலுக்கியதில் சிவப்பணுக்கள் உடைந்து, அவற்றுக்குள் இருந்த மைக்ரோஆர்என்ஏ துண்டுகளும் கலந்துவிட்டன. இனி வைரஸ் செய்தது எது, நான் செய்தது எது என்று பிரிக்க முடியாது.

சட்டென்று எழுந்து உட்கார்ந்தேன். மச்சானின் ரத்தம் நான் குத்துவதற்கு முன்னால் எடுத்தது. எனக்கு இருக்கும் ஒரே சாட்சி. அது என்ன சொல்கிறது என்று கெஞ்சினேன்.

உறைய வைத்தாயிற்று என்றார். எல்லோருடையதும் சேர்ந்த பிறகுதான் பார்ப்பார்கள். அப்போதும் தனி ஒரு மனிதனுக்குத் தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு இன்னும் தெரியாது. பிறகு, இன்றைக்கு மறுபடியும் தருவீர்களா என்று கேட்டார். கொடுத்தேன். "ஆடாம இருங்க அண்ணே" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு ஆடாமல் இருந்தேன்.

ஆறாம் நாள் மச்சானின் தொண்டைக் குழாயை எடுத்தார்கள். எனக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. போய் நின்றேன். பல் போன ஓட்டை வழியாகக் காற்று வந்தது, பிறகுதான் குரல் வந்தது.

"ரத்தத்துகிட்ட சாட்சி கேட்டியாமே. என்கிட்ட கேட்டிருக்கலாம்லா."

மூச்சு வாங்கிவிட்டு அவனே தொடர்ந்தான்.

"அன்னைக்குக் காலையிலயே, முகமூடி போட்டிருந்தும், எனக்கு மூச்சு முட்டிருச்சு மச்சான். மிஸ்ஸிகிட்ட சொல்லலாம்னு வாயெடுத்தேன். நீ பக்கத்துல இருந்தே. சொன்னா நீ பயந்து ஆடிருவேன்னு விட்டுட்டேன்."

கிட்ட வா என்று விரலை அசைத்தான். குனிந்தேன். தாடையில் குத்தினான். ஈரத்துணி விழுந்த மாதிரி இருந்தது. மிச்சத்தை வீட்டுக்கு வந்து தருவதாகச் சொன்னான்.

"இப்ப மூச்சு எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியைக் காட்டினான். "ஆடாம உட்காரு, சொல்றேன்" என்றான்.

இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்தேன்.