டாக்டரிடம் சொல்லாமல் விட்ட வேலை

பிள்ளைகளே, மூன்று வருடமாக என் கைகள் வலிப்பது உங்களுக்குத் தெரியும். விரல்கள் மரத்துப்போகும், பச்சைத் தண்ணீர் பட்டால் வெளுத்துக் குத்தும். சேலத்திலும் நாமக்கல்லிலும் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்தும் ஒன்றும் தென்படவில்லை. "மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்கப்பா" என்று நீங்கள்கூடச் சொன்னீர்கள். அப்படித்தானோ என்று நானும் நினைக்கத் தொடங்கியிருந்தேன்.

போன மாதம் ராசிபுரத்தில் புதிதாக ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தோம். என்ன வேலை என்று கேட்டார்.

"வெவசாயமுங்க" என்றேன். எல்லா டாக்டரிடமும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன். கையகல நிலமிருந்தாலும் நம் பக்கத்தில் அப்படித்தானே சொல்வோம்.

பக்கத்தில் இருந்த உங்கள் அம்மா சிரித்துவிட்டாள். "ஏனுங்க, அந்த ரெண்டு ஏக்கராச் சோளக்காட்டுல நீங்க என்னத்த வெட்டி முறிச்சீங்க? வெதைச்சதும் நானு, அறுத்ததும் நானு. இருவது வருசம் ஊரூராக் கெணத்துல எறங்கிக் கம்ப்ரசர் மெசினப் புடிச்சீங்களே, அதச் சொல்லுங்க."

டாக்டரம்மா நிமிர்ந்தார். பாறையைத் துளைக்கும் மெஷினை எப்படிப் பிடிப்பேன் என்று மேசைமேல் அழுத்திக் காட்டினேன். வீட்டுக்கு வந்து சோறு பிசையும்போதும் கை அதிர்ந்துகொண்டே இருக்கும் என்றேன்.

நரம்புப் பரிசோதனை செய்துவிட்டு, அந்த அதிர்வுதான் காரணம், வலியைக் குறைக்கலாம், முழுதாகப் போகாது என்றார்.

"போகாதுன்னு சொல்லிப்போட்டாங்க, நீங்க என்னமோ பரீச்சையில பாஸானவராட்டம் சிரிக்கறீங்க" என்றாள் அம்மா, வெளியே வந்ததும்.

இன்றும் வலிக்கிறது. அதை உங்களிடம் சொல்ல இப்போது கூச்சமில்லை.