பழசு எங்கை?

யாருடைய கணினியைத் திறந்தாலும் என் தம்பி ஸ்ரீபன் முதலில் கேட்பது, “பழசு எங்கை?” என்றுதான். எறிந்துவிட்டோம் என்றால் கையிலிருக்கும் திருப்புளியை மேசையில் போட்டுவிடுவான். “ஆரைக் கேட்டு எறிஞ்சனீங்கள்?” அதற்குப் பிறகு அந்த வீட்டுத் தேநீரைத் தொடமாட்டான்.

காலையில் ஒரேத்தோத் தெருவில் ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கைத் துடைக்கிறான். மத்தியானத்துக்குப் பிறகு, இத்தாலியின் இந்தப் பலெர்மோ நகரத் தமிழரின் கணினிகளைத் திருத்துகிறான். பட்டம் பெற்றவனல்ல. வைத்தியர் குப்பையில் போட்ட கணினிக் கைநூல்களை அகராதி வைத்து வரி வரியாகப் படித்தவன். அவனைவிட ஏழு வயது மூத்த நான், விளங்காததை இரண்டு தரம் கேட்டுத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்த மாசியில், நகரின் சீசாப் பகுதியிலிருந்து கத்தரீனா அக்கா அழுதுகொண்டு வந்தார். கணினியோடு பொருத்திய பூத்தையல் மெஷினில் கத்தோலிக்கக் கோயில்களுக்குப் பீடத்துணி தைப்பவர். அதை வாங்கிய பிறகுதான் மாடிப்படி கழுவும் வேலையை விட்டார். கடைக்காரன் பேச்சைக் கேட்டு, பழைய கணினியைக் கொடுத்துப் புதியதை எடுத்திருக்கிறார். மெஷின் அசையவில்லை.

“உயிர்த்த ஞாயிறுக்கு ஆறு துணி குடுக்கவேணும், தம்பி. இல்லாட்டி திரும்பவும் வாளியும் கையுமாய் படியிலைதான்.”

“மெஷினுக்கு என்ன குறை?”

“ஒண்டுமில்லை. அது பழசாம், புதிசு வாங்கட்டாம்.”

தம்பியின் காது சிவந்துவிட்டது. டிரைவர் என்பது கணினிக்கும் மெஷினுக்கும் நடுவில் நின்று பேச்சைக் கொண்டுபோகிற புரோகிராம். புதிய கணினியைச் செய்தவர்கள், டிரைவர் அதனிடம் கேள்வி கேட்கும் முறையையே மாற்றிவிட்டார்கள். பழைய டிரைவர் வாசலிலேயே நிற்கிறது. “பழசு சாகேல்லை அக்கா. இவங்கள் அதோடை கதைக்கிறதை நிப்பாட்டிப்போட்டாங்கள்! பழைய ஆளுக்கும் ஒரு கதவு விட்டு வைச்சால் என்ன குறைஞ்சு போகும்?”

“டேய், அவவிலை ஏன் பாயிறாய்?” என்றேன்.

“அவவிலை இல்லை!”

நானும் தம்பியோடு கடைக்குப் போனேன். பழைய கணினி பின்னறையில் கிடந்தது. கடைக்காரன் சிரித்தான். “குப்பையை வைத்து என்ன செய்யப் போகிறாய்?” தம்பி இத்தாலிய மொழியில் சொன்ன மறுமொழியை நான் எழுதமாட்டேன். கணினியைத் தோளில் வைத்துக்கொண்டு வெளியே வந்தான்.

அதைக் கத்தரீனா அக்காவின் மெஷினோடு பூட்டினான். பழைய டிரைவர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும், அதற்குக் கிடைக்கும் பதிலையும் கொப்பியில் எழுதினான். முப்பத்தெட்டுப் பக்கம். நான் எண்ணினேன். பிறகு, பழையதற்குப் பழைய முறையில் பதில் சொல்லி, புதியதோடு புதிய முறையில் பேசும் சின்னப் புரோகிராம் ஒன்றை எழுதினான். வேலை தொடங்கி ஐந்தாவது ஞாயிறு புதிய கணினியிலிருந்து மெஷின் ஓடியது. வெள்ளைத் துணியில் ஒரு திராட்சைக் கொத்து விழுந்தது. கத்தரீனா அக்கா நூலை அறுக்க மறந்து நின்றார்.

செய்தி கேட்டுக் கடைக்காரன் வந்தான். மெஷினை ஒரு முறை சுற்றிப் பார்த்தான். “பகேரியாவில் இரண்டு பெண்களிடம் இதே மெஷின் இருக்கிறது. அவர்களுக்கும் சரிவராது என்றுதான் சொன்னேன்” என்றான், மெல்ல.

தம்பி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தப் புரோகிராமைப் படியெடுக்கப் பெட்டியிலிருந்து புது ஃபிளாப்பிகள் இரண்டை உருவினான்.